டிங்கரிங் பட்டறை ரிவ்யூ: உப்புக்காத்துல இத்துப்போன அப்பா காரும் 27 நாளும்

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன், ஒரு மழைக்காலம் தாண்டட்டும்னு வேணும்னேதான் தள்ளிப்போட்டேன். துரு வேலைய வண்டி வெளிய வந்த அன்னைக்கே பாத்து நல்லாருக்குன்னு எழுதுறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, அன்னைக்கு எந்தக் கடையில விட்டாலும் பளபளன்னுதான் நிக்கும், மழை முடிஞ்ச பொறவு காருக்குள்ள கால் மிதிக்குற மேட்ட தூக்கிப் பாத்தாத்தான் யார் வேலை என்ன வேலைன்னு தெரியும். நான் ஒருக்க அப்படி பளபளப்ப பாத்து ஏமாந்தவன், அதையும் சொல்லுதேன்.

கடை எங்கன்னா பாளையங்கோட்டையில இருந்து தூத்துக்குடி போற ரோட்டுல கே.டி.சி. நகர் தாண்டி இடது கைப்பக்கம் ஒரு வேப்பமரம், அதுக்கு அடியில ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டு. பேரு என்னன்னு கேட்டா நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, ஏன்னா போர்டுல பேரு எழுதுன பாதி துருப்பிடிச்சு உதுந்து போச்சு, "டிங்கரிங் ஒர்க்ஸ்" மட்டும்தான் மிச்சம் நிக்குது. துரு எடுக்குற கடை போர்டுக்கே இந்த கதின்னு நான் மொத நாளே திரும்பிப் போயிருக்கணும், கேட்டதுக்கு கடைக்கார அண்ணாச்சி "அதுக்கு எவன் துட்டு தாரான்"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு.

வண்டி மாருதி 800, 1999 மாடல், வெள்ளை. அப்பா உவரி பக்கம் வாத்தியாரா இருந்தாவ, வீட்டுல இருந்து கடல் கூப்பிடு தூரம்தான், ராத்திரி படுத்தா அலைச்சத்தம் கேக்கும். ஓலை ஷெட்டுல பதினெட்டு வருஷம் நின்ன வண்டி. உவரிங்குற பேருலயே உவர் இருக்கு, அங்கன இரும்பு ஜன்னல் கம்பி அஞ்சு வருஷம் தாங்குனா பெருசு, கதவு கீலு, சைக்கிள் செயினு, தண்ணி டேங்க் மூடி, எல்லாமே ஒரு செம்பழுப்பு கலர்லதான் இருக்கும். அதனால கம்பெனியக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, அத்தனை வருஷம் உப்புக்காத்த குடிச்சும் இஞ்சின் இன்னைக்கும் ஒரு சாவிக்கு ஸ்டார்ட் ஆவுது, உடம்புதான் ஒத்துழைக்கல.

2016ல ரன்னிங் போர்டுல, அதாவது கதவுக்கு அடியில நெடுக ஓடுற உள்ள கூடான தகட்டுப் பட்டையில, பெயின்ட் கொப்புளம் கொப்புளமா கெளம்புச்சு. கொப்புளம்னா என்னன்னு அப்ப தெரியாது, பெயின்ட் சரியில்லன்னு நெனச்சேன். இரும்பு துருவா மாறினா முன்னாடி இருந்த இடத்த விட ரெண்டு மூணு மடங்குக்கு மேல ஊதும், அந்த ஊத்தம்தான் உள்ள இருந்து பெயின்ட்ட தள்ளுது, நமக்கு வெளிய கொப்புளம் தெரியும்போது உள்ள கதை பாதி முடிஞ்சிருக்கும். அப்ப டவுன் பக்கம் ஒரு பட்டறையில விட்டேன், பேரு வேண்டாம், ஆறே நாள்ல கண்ணாடி மாதிரி ஆக்கிக் குடுத்தான், 14,000 வாங்குனான். அப்பா அதுல ஏறி திருச்செந்தூர் போயிட்டு வந்து "புது வண்டி மாதிரி இருக்குடே"ன்னு சந்தோசப்பட்டாவ. அது பத்தி கீழ வருது.

அப்பா 2021ல போயிட்டாவ. வண்டிய நான் பாளையங்கோட்டைக்கு கொண்டாந்தேன். உப்புக்காத்துல இருந்து தப்பிச்சிருச்சுன்னு நெனச்சா, 2023 டிசம்பர்ல பேட்டரி வேலைக்குன்னு மீனாட்சிபுரத்துல ஒரு தெரிஞ்சவன் வீட்டு முன்னால நிப்பாட்டி வச்சிருந்தேன், அந்த 17, 18 தேதி மழைய இந்தப் பக்கத்துல யாரும் மறக்க மாட்டாவ, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், தாமிரபரணி ஊருக்குள்ள வந்துட்டு. சீட்டு முங்குற அளவுக்கு ரெண்டு நாளு தண்ணி. வடிஞ்ச பொறவு கதவத் தொறந்தா தொளி வாடை, மேட்டுக்கு அடியில இருக்குற அந்த பஞ்சு மாதிரி சமாச்சாரம் ஒரு குடம் தண்ணிய குடிச்சு வச்சிருக்கு. வெயில்ல போட்டு காயவச்சேன், மேல காஞ்சுச்சு, அடியில காயல. பிப்ரவரியில ஒரு நாள் பிரேக்க மிதிக்கயில குதிகால் கீழ ஏதோ பொசுக்குன்னு எறங்குது, மேட்ட தூக்கிப் பாத்தா ஒரு ரூவா அளவுக்கு ஓட்டை, அது வழியா ரோடு தெரியுது. அந்த வருஷம் ஜூன்ல ஆர்.சி. வேற புதுப்பிக்கணும், 15 வருஷம் தாண்டுன வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க இந்த சடங்கு உண்டு, 600 ரூவாயா இருந்த கட்டணத்த 2022 ஏப்ரல்ல 5,000 ஆக்கிட்டாவ, அதுபோக பசுமை வரி. இவ்வளவும் கட்டி ஓட்டை வண்டிய கொண்டுபோயி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நிப்பாட்ட முடியுமா.

வீட்டுல "எடைக்குப் போட்டுருங்க"ன்னாவ. அண்ணன் "உனக்கு மண்டையில என்னமும் அடிபட்டுருக்கா"ன்னான். நான் கேக்கல.

இனி கடை விஷயத்துக்கு வாரேன். அண்ணாச்சிக்கு அறுபது வயசு இருக்கும், தூத்துக்குடியில உப்பு லாரி சேஸிஸ் வேலை, அதாவது அடிச்சட்ட வேலை, ரொம்ப வருஷம் பாத்தவரு, அந்த ஒரு காரணத்துக்காகத்தான் போனேன், உப்பளத்துக்கு லோடு அடிக்குற லாரியோட அடிப்பக்கத்த பாத்த மனுசனுக்கு துருவப்பத்தி நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்க வேண்டியதில்ல. வண்டிய பாத்ததும் வெலை சொல்லல. ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்த துணியில சுத்தி எடுத்துட்டு வந்து ரன்னிங் போர்டு நெடுக ஒட்டிக்கிட்டே வந்தாரு. முன்னால ஒட்டுது, நடுவுல ஒட்டல, பைய வழுக்கி கீழ விழுது. "தம்பி, இங்கன தகடே இல்ல, பட்டிதான் இருக்கு"ன்னாரு, பட்டின்னா பள்ளத்த நெரவ பூசுற பசை. பொறவு ஸ்க்ரூ டிரைவர் பின்னாலப் புடிச்சு தட்டுனாரு, நல்ல தகடு டங்குங்குது, இத்துப்போனது பொத்துங்குது, பொத்துன்ன இடத்துல எல்லாம் சாக்பீஸால வட்டம் போட்டாரு. முடிக்கயில வண்டி சின்னப்புள்ள சிலேட்டு மாதிரி இருந்துச்சு. பதினேழு வட்டம், நான் எண்ணுனேன்.

"வெட்டிப் பாக்காம வெலை சொன்னா அவன் திருடன் தம்பி"ன்னாரு. கட்டர வச்சு இடது ரன்னிங் போர்ட ஒரு சாண் நீளத்துக்கு என் கண்ணு முன்னாலயே அறுத்தாரு. உள்ள இருந்து என்ன வந்துச்சுன்னு நெனைக்கிய. பேப்பரு. உருட்டி உருட்டி அடைச்ச நியூஸ் பேப்பரு, அதுக்கு மேல தடியா பட்டி, அதுக்கு மேல பெயின்ட். ஒரு உருண்டைய பிரிச்சா 2016 ஜூலை தேதி இன்னும் படிக்க முடியுது, சினிமா விளம்பரம் பாதி, ராசிபலன் பாதி. அப்பா ராசிக்கு அன்னைக்கு பண வரவுன்னு போட்டிருந்துச்சு, 14,000 வரவு யாருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். பேப்பர் ஈரத்த புடிச்சு வச்சு எட்டு வருஷமா சுத்தியிருந்த நல்ல தகட்டையும் சேத்து இத்துப்போக வச்சிருக்கு, அவன் ஒண்ணுமே செய்யாம சும்மா விட்டிருந்தா கூட இவ்வளவு ஆயிருக்காது.

பேப்பர் எடுத்த பொறவு மண்ணு கொட்டுச்சு. ரெண்டு சிரட்டை இருக்கும், செவப்பு மண்ணு. அதுல எது துரு எது உவரி மண்ணுன்னு எனக்கு பிரிக்கவே முடியல. யோசிச்சுப் பாத்தா பிரிக்கவும் வேண்டியதில்ல, அந்தப் பக்கத்து தேரி மண்ணு, அதாவது மணல்மேட்டு மண்ணு, செவப்பா இருக்கதே ஒவ்வொரு மணல் மேலயும் இரும்பு ஆக்சைடு பூசிக் கெடக்கதாலதான், அதுவும் ஒரு வகை துருதான். ரன்னிங் போர்டு அடியில தண்ணி வடியுறதுக்கு கம்பெனியே சின்ன சின்ன ஓட்டை விட்டுருக்கான், அத இந்த மண்ணு அடைச்சிருக்கு, மிச்சத்த பட்டி அடைச்சிருக்கு. உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழியில்ல, ஒரு குழாய்க்குள்ள உப்பும் ஈரமும் மண்ணும் ஊறப்போட்ட மாதிரி.

இந்த இடத்துல எங்க அத்தான பத்தி சொல்லணும். அக்காவ கட்டுனவரு, கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல ஹாமில்டன்ல இருக்காவ. நான் 2019 ஜனவரியில அங்க போயிருந்தேன், கூதல்னா அப்படி ஒரு கூதல். ரோட்டுல ஐஸ் உறையக்கூடாதுன்னு உப்பு போடுதாவ, லாரி பின்னால ஒரு சக்கரம் சுத்தி சுத்தி உப்ப எறியும், நம்ம ஊர்ல வயலுக்கு உரம் வீசுற மாதிரி. கார்ல இருந்து எறங்கயில என் கறுப்பு பேன்ட் கதவு ஓரத்துல ஒரசிச்சு, முட்டிக்குக் கீழ சுண்ணாம்பு பூசுன மாதிரி வெள்ளையா ஒரு கோடு, தொட்டு நாக்குல வச்சுப் பாத்தேன், உப்பு. அக்கா திட்டுனா. எனக்கு உவரியில அப்பா வண்டி கண்ணாடியில வெரலால தேச்சா வர்ற அதே ருசி.

அத்தான் 2008 மாடல் ஒரு ஜப்பான் கார் வச்சிருந்தாவ, வெளிய பாத்தா கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். நான் வந்த அடுத்த வருஷம் ஒரு நாள் வீட்டு வாசல்லயே ரிவர்ஸ் எடுக்கயில பிரேக் பெடல் அப்படியே தரை வரைக்கும் எறங்கிட்டாம், அடியில போற இரும்பு பிரேக் குழாய் அரிச்சு புட்டுக்கிட்டு. வாசல்ல நடந்ததால தப்பிச்சாவ, ஹைவேயில நடந்திருந்தா அக்கா கதி என்னன்னு இன்னைக்கும் சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாவ. பொறவு செம்பும் நிக்கலும் கலந்த குழாய் மாத்திட்டாவ, அது துருப்பிடிக்காதாம். அதுல இன்னொரு வேடிக்கை, அத்தான் வண்டிய நல்லா பாத்துக்கிடுதேன்னு வெதுவெதுப்பா சூடு போட்ட கராஜுக்குள்ள விட்டு வச்சிருந்தாவ. வெளிய மைனஸ் பதினஞ்சுல நின்னா அடியில ஒட்டுன பனி உறைஞ்சு கெடக்கும், துரு வேலையும் மந்தமா நடக்கும். உள்ள கொண்டாந்தா பனி உருகி உப்புத்தண்ணியாகி, சூடும் சேந்து, ராத்திரி பூரா தின்னுக்கிட்டே இருக்கும். நல்லது செய்யப்போயி ஆனது.

ஆனா அங்க குளிர்காலம் நாலஞ்சு மாசம்தான், மிச்ச மாசம் கழுவி மெழுகடிச்சு தப்பிக்கலாம். நமக்கு? கடக்கரையில வருஷம் பூரா உப்பு, வருஷம் பூரா சூடு. ஈரத்துக்கும் குறைச்சல் இல்ல. சுத்தமான உப்பே காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டுனா தானா ஈரத்த இழுத்து நீராயிரும், கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடு வேற கலந்து கெடக்கு, அது அதைவிட கம்மி ஈரத்துலயே இழுத்துரும். மழைக்காலத்துல அடுப்பங்கரையில கல்லுப்பு ஜாடி நீர்த்துப்போயி சொதசொதன்னு கெடக்கும் பாத்தியளா, அதே வேலைதான் கார் தகட்டுலயும் நடக்குது, மழையே பெய்யாண்டாம், வெள்ளன எந்திரிச்சு பாத்தா அடிப்பக்கம் ஈரமாத்தான் இருக்கும். உப்பு தானா இரும்ப திங்கல, தண்ணியும் காத்துல இருக்குற ஆக்சிஜனும்தான் திங்குது, உப்பு அந்தத் தண்ணியில கரண்ட்டு நல்லா பாயுற மாதிரி பண்ணிக் குடுத்து பந்தி வெரசா நடக்க வழி செய்யுது.

பட்டறையில இருந்துக்கிட்டே அத்தானுக்கு வீடியோ கால் போட்டேன். அண்ணாச்சி போன எட்டிப் பாத்து மொதல்ல கேட்ட கேள்வி, "சார், ரோட்டுல உப்பு போடுதாவளாமே, திங்கிற உப்பயா?"

அத்தான், "அதேதான் அண்ணாச்சி, ஆனா சுத்தம் பண்ணாத பாறை உப்பு. இங்க கோடரிச்னு ஒரு ஊரு, ஏரிக்கு அடியில 500 மீட்டருக்கு மேல ஆழத்துல சுரங்கம் தோண்டி வெட்டி எடுக்காவ. மைனஸ் ஒம்பது வரைக்கும்தான் அது வேலை செய்யும், அதுக்கும் கீழ போனா கால்சியம் குளோரைடு கலப்பாவ, அது இன்னும் மோசம், காயவே காயாது."

"ஏரிக்கு அடியில உப்பா"ன்னு அண்ணாச்சி என்னைப் பாத்தாரு, நான் கத விடுதேன்னு நெனச்சாரு. "எத்தன லோடு சார் போடுவாவ?"

"அமெரிக்காவுல மட்டும் வருஷத்துக்கு ரெண்டு கோடி டன் பக்கம் போடுதாவ."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. பொறவு "அப்ப அங்க டிங்கரிங் கடைக்கு நல்ல ஓட்டம் இருக்கும்"ன்னாரு. அத்தான் சிரிச்ச சிரிப்புல அக்கா ஓடி வந்து என்னன்னு பாத்தா.

அத்தான் சொன்னதுல ஒரு விஷயம் எனக்கு பெரிய ஆறுதல். டொயோட்டா மாதிரி கம்பெனியே இதுல மாட்டியிருக்கு, டகோமான்னு ஒரு பிக்கப்பு, 1995ல இருந்து 2000 வரைக்கும் வந்த மாடலுக்கு சேஸிஸ் பிரேம் ஓட்டை விழுந்து, 2008ல கம்பெனியே சந்தை வெலையப் போல ஒன்றரை மடங்கு குடுத்து வண்டிகள திரும்ப வாங்கிக்கிட்டாம், அதுக்குப் பிந்துன மாடல்களுக்கு 2016ல கோர்ட்டுல 340 கோடி டாலர் வரைக்கும் ஆகும்னு ஒரு சமரசம். அவ்வளவு பெரிய வண்டிக்கே அந்த கதின்னா ஒரு சொப்பு மாதிரி இருக்குற எங்க அப்பா வண்டிய நான் திட்டி என்ன செய்ய.

சரி வேலை. 28,000 ஆகும், மேல கொஞ்சம் போனாலும் போகும்னு சொன்னாரு, கடைசியில 31,500. பன்னெண்டு நாள் கேட்டாரு. ரெண்டு ரன்னிங் போர்டும் முழுசா அறுத்து எடுத்துட்டு 20 கேஜ் தகட்ட மடிச்சு புதுசா போட்டாரு, டிரைவர் பக்கம் புளோர்ல ரெண்டடிக்கு ஒண்ணரை அடி வெட்டி மாத்துனாரு, பேட்டரி தட்டு புதுசு, பின்னால ஸ்டெப்னி குழியில மூணு ஒட்டு. கேஸ் வெல்டிங் வேண்டாம், அது சுத்தியிருக்குற தகட்ட எல்லாம் நெளிய வச்சிரும்னு கரண்ட்டுல வைக்குற சி.ஓ.டூ. வெல்டிங்தான் வச்சாரு, ஒரே இழுப்பா இழுக்காம இங்க ஒரு பொட்டு அங்க ஒரு பொட்டுன்னு மாத்தி மாத்தி வச்சு தகடு ஆற விட்டு ஆற விட்டு செஞ்சாரு. நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டணும், துரு ஓரத்துல வெல்டிங் புடிக்காது, புடிச்சாலும் அடுத்த வருஷம் அந்த ஓரத்துல இருந்தே பொரியும்னு சொல்லிக்கிட்டே ரெண்டு தடவ நான் போதும்னு சொன்ன இடத்த தாண்டி வெட்டுனாரு. அப்ப எனக்கு வயித்த கலக்குச்சு, இப்ப கை எடுத்துக் கும்பிடுதேன்.

நான் அண்டர்பாடி கோட்டிங் அடிச்சுருவோமான்னு கேட்டேன், அந்த கறுப்பு தார் மாதிரி ரப்பர் சமாச்சாரம், ஷோரூம்ல புது வண்டிக்கு கட்டாயப்படுத்தி தலையில கட்டுவாவள்லா, அது. அண்ணாச்சி கேட்ட ஒடனே மொகத்த சுளிச்சாரு. புது தகட்டுல அடிச்சா சரி, கல்லு தெறிக்கறதுக்கு நல்லது, துரு இருக்குற பழைய தகட்டு மேல அடிச்சா அது காஞ்சு வெடிச்சு அந்த வெடிப்பு வழியா தண்ணி உள்ள போயி திரும்ப வராது, மேல பாத்தா கறுப்பா அழகா இருக்கும், வெரலால அமுக்குனா உள்ள போயிரும். வீடியோ கால்ல அத்தானும் அதையே சொன்னாவ, அங்க வெவரம் தெரிஞ்சவங்க தார் அடிக்கதில்ல, எண்ணெய் மாதிரி இருக்குற சரக்கதான் வருஷா வருஷம் குளிர் வர்றதுக்கு முன்னால அடிப்பாவளாம், ஆட்டு ரோமத்துல இருந்து எடுக்குற லனோலின்ல செஞ்சதும் உண்டு. காயாம பிசுபிசுன்னு இருந்தாத்தான் இண்டு இடுக்குல ஊர்ந்து போயி புடிக்கும், ஒரு இடத்துல ஒரஞ்சு போனாலும் பக்கத்துல இருந்து வழிஞ்சு மூடிக்கிடும்.

அண்ணாச்சி செய்யுறதும் அதேதான், சரக்கு மட்டும் வேற. சேஸிஸ் கிரீஸ ஒரு பழைய பெயின்ட் டப்பாவுல போட்டு ஸ்டவ்ல மெல்ல உருக்கி, அதுல 90 நம்பர் கியர் ஆயில ஊத்தி கிண்டி, கஞ்சி பதத்துக்கு வந்ததும் கம்ப்ரஸர் கன்னுல ஒரு நீள டியூப மாட்டி, ரன்னிங் போர்டு உள்ள, கதவு அடியில, தூண்களுக்குள்ள எல்லாம் விட்டு அடிச்சாரு. வடியுற ஓட்டையில இருந்து சொட்டு சொட்டா வெளிய வந்தாத்தான் உள்ள பூரா போயிருக்குன்னு அர்த்தமாம், சொட்டுற வரைக்கும் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தாரு. பிரேக் டிரம்மு, சைலன்ஸரு, ரப்பர் புஷ் எல்லாத்தையும் சாக்கு வச்சு மூடிட்டுதான் அடிச்சாரு, நம்ம வாட்டர் சர்வீஸ்ல கழிவு ஆயில அள்ளி எறியுற மாதிரி இல்ல. அந்த கழிவு ஆயில் ரப்பரையும் கெடுக்கும் மண்ணையும் கெடுக்கும், தயவு செஞ்சு யாரும் அடிக்காதீய.

எங்க ஊர்ப்பக்கம் மரவள்ளத்துக்கு மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசுவாவ, நான் சின்னதுல நாத்தம்னு மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவேன். அது மரத்துக்குன்னு மட்டும் நெனச்சுக்கிட்டு இருந்தேன், பாத்தா ரஸ்ட்-ஓலியம்னு உலகம் பூரா விக்குற துரு பெயின்ட் இருக்குல்லா, அது 1921ல ஒரு கப்பல் கேப்டன் ஆரம்பிச்சது, துருப்பிடிச்ச கப்பல் தளத்துல மீன் எண்ணெய் சிந்துன இடத்துல மட்டும் துரு நின்னு போச்சுன்னு கண்டுதான் அவரு ஆரம்பிச்சாராம். நம்ம பாட்டன் பூசுன எண்ணெய டப்பாவுல அடைச்சு ஒருத்தன் கோடீஸ்வரன் ஆயிட்டான். அண்ணாச்சிகிட்ட இதச் சொன்னா, "மீன் எண்ணெய் அடிச்சா பூனை வண்டிய விட்டு எறங்காதுல்லா"ங்காரு.

இப்ப குறை. நெறைய இருக்கு. பன்னெண்டு நாள்னு சொன்ன வண்டி 27 நாள் ஆச்சு. நடுவுல ஒரு வாரம் ஒரு வேலையும் நடக்கல, வேலைக்காரப் பையன் கோயில் கொடைக்குப் போயிட்டான்னாரு, அதுக்கு முன்னால கரண்ட் இல்லன்னாரு, அதுக்கும் முன்னால தகடு வரலன்னாரு. போன் எடுக்க மாட்டாரு, சும்மா ஒருக்க ரெண்டு தரம் இல்ல, எடுக்கவே மாட்டாரு, நேர்ல போயி நின்னாத்தான் உண்டு, நின்னா நல்லா பேசுவாரு, டீ வாங்கித் தருவாரு, கோவப்படவும் முடியாது. வேலை நடக்க நடக்க போட்டோ அனுப்புங்கன்னா அதெல்லாம் அவர்கிட்ட நடக்காது, நானா போயி எடுத்துக்கிட்டேன். பில்லு கெடையாது, ஒரு துண்டுச் சீட்டுல பென்சில்ல எழுதித் தந்தாரு, அத மடிச்சு ஆர்.சி. புக்குல வச்சிருக்கேன்.

பெயின்ட் வேலை சுமார்னுகூட சொல்ல மாட்டேன். அவரு பெயின்டர் இல்ல, வெளிய இருந்து ஒரு ஆள கூப்பிடுதாரு, அந்த ஆளு வெள்ளைன்னா எல்லாம் வெள்ளைதானன்னு நெனைக்குற ஜாதி. பழைய வண்டி வெள்ளை லேசா மஞ்சளடிச்சு போயிருக்கும், இவரு போட்டது ஆஸ்பத்திரி வெள்ளை, வெயில்ல நின்னு பாத்தா இடது பக்கம் அடியில ஒரு பட்டை தனியா தெரியுது. ஜன்னல் பீடிங் ரப்பர்ல எல்லாம் பொடி பொடியா தெறிச்சு கெடக்கு. பேப்பர் ஒட்டி மறைக்கணும்ங்குற அறிவு வேண்டாமா, பேப்பர் போடக்கூடாத இடத்துல ஒருத்தன் போட்டான், போட வேண்டிய இடத்துல இவன் போடல. இடது கதவு சரியா உக்காரல, கொஞ்சம் ஓங்கி சாத்தணும், வீட்டுல அதுக்கு தெனமும் ஒரு பேச்சு வாங்குதேன்.

அதவிட முக்கியமான குறை ஒண்ணு, வண்டிய எடுத்து ஒரு வாரம் கழிச்சு நானா அடியில படுத்து பாக்கயில வலது ரன்னிங் போர்டுல ஒரு வடிகால் ஓட்டைய பெயின்ட்டும் சீலன்ட்டும் சேந்து மூடியிருந்துச்சு. இவ்வளவு பாடுபட்டு அத விட்டுட்டாரு. சைக்கிள் கம்பிய விட்டு குத்தி தொறந்தேன். அண்ணாச்சிகிட்ட காட்டுனா தலையில அடிச்சுக்கிட்டு பெயின்டர ஒரு வார்த்தை சொன்னாரு, அது இங்க எழுத முடியாது. அதனால யாரு அங்க விட்டாலும் எடுக்கயில ஒரு மக்கு தண்ணிய கொண்டுபோயி கதவு இடுக்குல ஊத்தி, அடியில எல்லா ஓட்டையிலயும் வடியுதான்னு பாத்துட்டு துட்ட குடுங்க.

யாரு போகலாம் யாரு போகக்கூடாதுன்னா, வண்டி பாக்க அழகா வேணும், விக்கப் போறேன்னா இங்க போகாதீய, துட்டு வேஸ்ட்டு. வெளிய கீறல் விழுந்த புது வண்டிக்கும் இது எடம் இல்ல. அப்பா வண்டி, தாத்தா ஜீப்பு, இன்னும் பத்து வருஷம் ஓட்டணும்னு ஆசையிருக்கு, கடக்கரையில நிக்குற வண்டி, வெள்ளத்துல முங்குன வண்டி, அப்படின்னா கண்ண மூடிக்கிட்டு விடலாம், கண்ண மூடிக்கிட்டுன்னா பொறுமையோட, நாலு நாளைக்கு ஒருக்க நேர்ல போயி நிக்குற பொறுமையோட. இஞ்சினுக்கு ஆன செலவ விட உடம்புக்கு ஆன செலவு ஜாஸ்தி, இந்த 31,500க்கு இந்த மாடல் பழைய வண்டியே வெளிய கெடச்சிரும், அது எனக்கும் தெரியும், அண்ணனும் மாசம் ஒருக்க ஞாபகப்படுத்திருதான்.

ஜூன்ல ஆர்.சி. அஞ்சு வருஷத்துக்கு கெடச்சுட்டு, இன்ஸ்பெக்டர் கீழ குனிஞ்சு பாத்துட்டு "யாரு வேலை"ன்னு கேட்டாரு, போர்டுல பேரு இல்லாத கடைக்கு நான் எந்தப் பேரச் சொல்ல, வேப்பமரத்தடின்னு சொன்னேன், அவருக்கே புரிஞ்சு போச்சு. அதுக்குப் பொறவு வடகிழக்கு மழை பூரா வண்டிய வெளியதான் நிப்பாட்டினேன், வேணும்னே. ரெண்டு தடவ உவரிக்கும் போயிட்டு வந்தேன், வந்த ஒடனே நல்ல தண்ணியில, மேல இல்ல, அடியிலதான் ஹோஸ் வச்சு கழுவுனேன், போர்த் தண்ணி எங்க தெருவுல உப்பு, அதனால தாமிரபரணி தண்ணி வர்ற நாளா பாத்து.

போன வாரம் சீட்டையெல்லாம் கழட்டி மேட்ட தூக்கிட்டேன். ஒட்டு போட்ட இடத்துல உள்ளங்கைய வச்சுப் பாத்தேன், நல்லா காஞ்சு கெடக்கு, ஒரு ஈரம் இல்ல. ரன்னிங் போர்டுல ஸ்க்ரூ டிரைவர் பின்னால தட்டுனேன், நெடுக டங்குதான். டிரைவர் சீட்டு மாட்டுற போல்ட்டு ஒண்ணுல மட்டும் தலையச் சுத்தி புதுசா செம்பழுப்பா ஒரு வட்டம். அண்ணாச்சிக்கு போன் போட்டேன், வழக்கம்போல எடுக்கல, வெள்ளிக்கிழமை நேர்ல போனேன். குனிஞ்சு பாத்தாரு, நகத்தால சுரண்டுனாரு, "இது பழைய போல்ட்டு தம்பி, நான் மாத்தாம விட்டது, என் தப்புதான்"னு சொல்லிட்டு டப்பாவுல கெடந்த ஒரு ஜிங்க் போட்ட போல்ட்ட எடுத்து கிரீஸ்ல முக்கி மாட்டிவிட்டாரு, துட்டு வாங்கல. பழைய போல்ட்ட என்ன செய்யன்னு கேட்டாரு. வாங்கி சட்டைப்பையில போட்டுக்கிட்டேன், அது அப்பா அம்பாசமுத்திரத்துல சீட்டு கவர் போடும்போது மாத்துனதுன்னு நெனைக்கேன்.